ஒலாதுஞ்சி கான்சர்ட்: கோல்ட்ரேனின் கடைசி மேடைப் பதிவைக் கேட்பது எப்படி

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'தி ஒலாதுஞ்சி கான்சர்ட்' ஆல்பத்தை முதல் தடவை போடுகிறவர்கள் பலரும் ஐந்து நிமிடத்துக்குள் ஸ்பீக்கர் வயரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் நிறுத்திவிடுவார்கள். ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை, பதிவே அப்படித்தான். சீரான தாளத்துக்கும் வழக்கமான ஸ்வரக் கட்டுக்கும் அடங்காத ஜாஸுக்கு ஃப்ரீ ஜாஸ் என்று பெயர். அதன் மேடைப் பதிவுகளில் காதுக்கு மிகக் கடினமானவற்றில் இது ஒன்று. ஆனாலும் கேட்க முடியும். நாலைந்து அமர்வுகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் எதைக் கேட்கிறோம் என்ற தெளிவு வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான தோல்வி.

பதிவு எது, யார் யார்

1967 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் ஹார்லெமில், 125ஆவது தெருவில் இருந்த ஒலாதுஞ்சி ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம். அதை நடத்தியவர் நைஜீரியாவிலிருந்து வந்த தாள வாத்தியக் கலைஞர் பாபாதுண்டே ஒலாதுஞ்சி. அங்கே நடந்த கச்சேரியின் ஒலிநாடா பல ஆண்டுகள் வெளிவராமல் இருந்தது. 2001இல்தான் இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது.

கோல்ட்ரேன் டெனர், சோப்ரானோ என்ற இரண்டு சாக்ஸபோன்களை வாசிக்கிறார். ஃபேரோ சாண்டர்ஸ் டெனர். பியானோவில் ஆலிஸ் கோல்ட்ரேன், பாஸில் ஜிம்மி காரிஸன், டிரம்ஸில் ரஷீத் அலி. இவர்களோடு ஆல்ஜி டிவிட் 'பாட்டா' என்ற, மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் இருமுக மேளத்தை வாசிக்கிறார். நம் ஊரில் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. டெனர் அதைவிடப் பெரியது, குரல் தணிந்தது, தொண்டை கட்டினது மாதிரி ஒரு கனம் அதில் இருக்கும். சோப்ரானோ நேர்க்குழல், குரல் மேலே நிற்கும், மூக்கால் பாடுகிற சாயல் உண்டு. இந்த மூன்றின் வித்தியாசம் காதில் பதிந்தாலே பாதி வேலை முடிந்தது.

உருப்படிகள் இரண்டே. 'ஒகுண்டே' 28 நிமிடம் 25 விநாடி, 'மை ஃபேவரிட் திங்ஸ்' 34 நிமிடம் 38 விநாடி. முன்னால் பியானோ கலைஞரும் வானொலியாளருமான பில்லி டெய்லர் பேசும் சிறு அறிமுகம் இருக்கிறது.

கோல்ட்ரேன் அந்த வருஷம் ஜூலை 17 அன்று, 40 வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அதனால் இந்தப் பதிவைச் சாகப்போகிற மனிதனின் ஓலமாகவே கேட்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அது காதைக் கெடுக்கும். இதே வாசிப்பு முறை 1966 ஜூலையில் தோக்கியோவில் எடுத்த பதிவுகளிலும் இருக்கிறது. சாவைத் தேடிக்கொண்டு கேட்டால் எல்லாமே அழுகையாகக் கேட்கும். அவர் எந்த ஸ்வரத்தை எப்படித் திருப்பிப் போடுகிறார் என்பது காதில் விழாது.

மூன்று இரைச்சல்கள்

இந்தப் பதிவில் மூன்று தனித்தனி இரைச்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகுவதுதான் இந்தக் கையேட்டின் முக்கால்வாசி.

முதலாவது நாடாவின் இரைச்சல். ஒலியின் அளவு பதிவுக் கருவி தாங்கும் எல்லையைத் தாண்டும்போது அலையின் உச்சி மழுங்கிப்போகிறது. மழுங்கிய அலையில், அசலில் இல்லாத மேல் அதிர்வெண்கள் முளைக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு. யார் வாசித்தாலும் அதன் நிறம் ஒன்றுதான்: சிம்பலிலும் அதே கரகரப்பு, பியானோவிலும் அதே கரகரப்பு. எல்லோரும் உரக்க வாசிக்கும்போது வரும், சத்தம் தணிந்ததும் போய்விடும்.

இரண்டாவது கூடத்தின் இரைச்சல். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, ஆட்களின் குரல், பல மேளங்கள் ஒரே அறையில் ஒலிக்கும் குழப்பம். பெரும் தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: சாக்ஸபோன்காரர்கள் வேண்டுமென்றே எழுப்பும் இரைச்சல். அதற்கு மூச்சு உண்டு. மூச்சு வாங்கும் இடத்தில் நிற்கும், அடுத்த மூச்சில் வேறு சுருதியில் தொடங்கும், ஏறும், உடையும். நாடாவின் கரகரப்போ டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு மூச்சே இல்லாமல் ஓடும். சந்தேகம் வந்தால் இந்த ஒரு சோதனை போதும்: மூச்சு வாங்கும் இடத்தில் சத்தம் நிற்கிறதா? நின்றால் அது மனிதன், நிற்காவிட்டால் நாடா.

சாண்டர்ஸின் அலறல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். சாக்ஸபோனுக்கு ஒரு வழக்கமான மேல் எல்லை உண்டு. அதற்கு மேலே போக, சாவிகளை வழக்கமில்லாத விதத்தில் பிடித்து, தொண்டையின் வடிவத்தை மாற்றி, குழலின் அனுசுரங்களை, அதாவது அடி ஸ்வரத்தோடு சேர்ந்து மேலே எழும் மெல்லிய ஸ்வரங்களை, தனியே இழுக்க வேண்டும். வேறு சில பிடிகளில் ஒரே குழலிலிருந்து இரண்டு மூன்று சுருதிகள் ஒன்றாக எழும். ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகினால் உறுமல் கிடைக்கும். இவை மூன்றையும் அவர் மாற்றி மாற்றிக் கையாள்கிறார். எதுவும் தற்செயல் இல்லை. அதே இடத்துக்கு அவர் மறுபடி போவதைக் கவனித்தால் இது தானே தெரியும்.

கருவிகளைச் சரிசெய்தல்

போன் ஸ்பீக்கர் வேண்டாம், லேப்டாப் ஸ்பீக்கரும் வேண்டாம். டபுள் பாஸின் கனத்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் அதன் பக்கமே போகாது. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன் நல்லது. அறையில் கேட்பதானால் ஓரளவு பெரிய இரண்டு ஸ்பீக்கர்கள் வேண்டும், இரண்டுக்கும் உங்களுக்கும் சம தூரம். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் ஹெட்ஃபோனே உத்தமம். குடும்ப அமைதி முக்கியம்.

ஆப்பில் மூன்று விஷயங்களை அணையுங்கள்: ஷஃபிள், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கரைந்து போகும் கிராஸ்ஃபேடு, 'பாஸ் பூஸ்ட்', 'ராக்' மாதிரியான ஈக்வலைசர் அமைப்புகள். பாஸைக் கூட்டினால் காரிஸன் மேலே வருவார் என்று தோன்றும். வராது. பெரிய டிரம்மின் குமுறல்தான் கூடும். அது மற்றதையெல்லாம் மூடிவிடும்.

கையால் திருத்தக்கூடிய ஈக்வலைசர் இருந்தால் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறையுங்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இன்னொரு 2 டெசிபெல். காதைக் குத்தும் கரகரப்பு அந்தப் பகுதியில்தான் திரள்கிறது. அதற்கு மேல் குறைத்தால் சாண்டர்ஸும் கம்பளிக்குள் போய்விடுவார். நாடாவில் மழுங்கிய உச்சியை எந்த ஈக்வலைசரும் திருப்பித் தராது. குத்தலைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஒலியளவை இந்த ஆல்பத்தை வைத்துச் சரிசெய்யக் கூடாது. கோல்ட்ரேனின் 'எக்ஸ்பிரஷன்' என்ற ஸ்டுடியோ ஆல்பத்தில் உள்ள 'ஒகுண்டே'யை முதலில் போடுங்கள். சாக்ஸபோன் எதிரே நின்று வாசிப்பது போல் வசதியாகக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். அறையில் என்றால் போன் அளவீட்டு ஆப்பில் 70 முதல் 75 டெசிபெல். அந்த ஸ்டுடியோப் பதிவு சுத்தமாக ஒலிக்கிறதா? அப்படியானால் உங்கள் கருவி நன்றாக இருக்கிறது. இனி வரும் கரகரப்புக்கு அது பொறுப்பில்லை. ஒலாதுஞ்சிக்கு மாறும்போது ஒலியை ஒரு படி குறையுங்கள். அலை மழுங்கிய பதிவு அதே அளவில் இன்னும் உரக்கக் கேட்கும். இந்த இசையைச் சுவர் அதிரக் கேட்டால்தான் புரியும் என்பவர்களை நம்ப வேண்டாம். உரக்க வைத்தால் காது சீக்கிரம் களைக்கும். களைத்த காதில் மூன்று இரைச்சலும் ஒன்றாகிவிடும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு வரம்பு. டெசிபெல் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

முதல் அமர்வு: மெட்டு மட்டும்

இன்று ஒலாதுஞ்சியைத் தொடவே வேண்டாம். 'எக்ஸ்பிரஷன்' ஆல்பத்தின் 'ஒகுண்டே', 1967 மார்ச்சில் பதிவானது, மூன்றரை நிமிடம். சாண்டர்ஸ் அதில் இல்லை. கோல்ட்ரேன், ஆலிஸ், காரிஸன், ரஷீத் அலி நால்வர்தான். மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை சாக்ஸபோனோடு சேர்ந்து வாய்க்குள் முனகுங்கள். நீண்ட ஸ்வரங்கள், துதிப்பாடலைப் போன்ற நிதானம், அடியில் சீரான தாளம் கிடையாது. ஆப்ரோ-பிரேசிலியப் பாடல் ஒன்றிலிருந்து வந்த மெட்டு அது. ஹார்லெமில் அதே மெட்டுத்தான் எட்டு மடங்கு நீள்கிறது.

தாளம் போட்டுக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே கையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. சமத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்ற எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

இரண்டாம் அமர்வு: டிரம்ஸ்

எல்லோரும் சாக்ஸபோனில் தொடங்குவார்கள். டிரம்ஸில் தொடங்குவதே மேல். இந்த இசையில் ஆளைத் தள்ளாட வைப்பது அலறலைவிட அடித்தளம் இல்லாததுதான்.

ரஷீத் அலி அடிகளை எண்ணிக்கொண்டு வாசிப்பதில்லை. ஒரே சமயத்தில் பல திசைகளில் போகிற தாளம் என்று கோல்ட்ரேன் அவரைப் பற்றிச் சொன்னார். அதனால் நாம் கேட்க வேண்டியது அடியை அல்ல, அடர்த்தியை. அடுப்பில் பால் பொங்கி எழுவதும் ஊதினால் அடங்குவதும் போல அடர்த்தி ஏறி இறங்கும். ஓர் ஏற்றத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி பிடிக்கலாம்.

இதைப் பழக ஒலாதுஞ்சி ஏற்ற இடம் இல்லை; கரகரப்பு அதிகம். 1967 பிப்ரவரி 22 அன்று கோல்ட்ரேனும் ரஷீத் அலியும் இருவர் மட்டும் ஸ்டுடியோவில் வாசித்தது 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. அதில் 'வீனஸ்' என்ற பகுதியை எடுங்கள். அலி குச்சிகளுக்குப் பதில் பிரஷ் பயன்படுத்துகிறார். ஓசை மெல்லியது, ஒவ்வொரு அசைவும் தெரியும். எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். முதல் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு சிம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடர்த்தி ஏறும்போது ஒரு விரலை மேலே தூக்குங்கள், இறங்கும்போது கீழே. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். இரண்டாம் தடவை அதே விரலோடு சாக்ஸபோனைக் கேட்டால், அதன் வாக்கியங்கள் தொடங்கும் இடமும் முடியும் இடமும் அந்த ஏற்ற இறக்கத்தோடு பொருந்துவதும், சில இடங்களில் வேண்டுமென்றே மோதுவதும் கேட்கும்.

பிறகு 'ஜூப்பிட்டர்', ஐந்தே கால் நிமிடம் போல. இங்கே குச்சிகள், வேகம். அதே விரல் பயிற்சி. இதில் சிம்பல் பிடிபட்டால் ஒலாதுஞ்சியிலும் பிடிபடும்.

மூன்றாம் அமர்வு: 'ஒகுண்டே' முழுவதும்

ஒரு தாள், ஒரு பேனா. தாளின் நடுவே கோடு. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் முன்னால் நிற்பவர் யார் என்பது. விமர்சனம் எழுத வேண்டாம், 'நன்றாக இருக்கிறது', 'இல்லை' என்றும் எழுத வேண்டாம். பெயரும் நேரமும் போதும்.

மெட்டோடு கோல்ட்ரேன் தொடங்குவார். ஸ்டுடியோவில் கேட்ட அதே மெட்டு, ஆனால் இங்கே ஓரம் கரடு. அது சீக்கிரமே பிரிந்து அவருடைய கற்பனைக்குள் போய்விடும். அடுத்து சாண்டர்ஸ், பிறகு ஆலிஸின் பியானோ, அப்புறம் மறுபடி கோல்ட்ரேன். கடைசியில் மெட்டு திரும்பும். அமைப்பு இவ்வளவுதான். மெட்டில் தொடங்கி, ஒவ்வொருவராகக் கற்பனை செய்து, மெட்டில் முடிப்பது பழைய ஜாஸின் அதே ஏற்பாடு. ஃப்ரீ ஜாஸில் வடிவமே கிடையாது என்று சொல்பவர்களிடம் இந்தத் தாளை நீட்டலாம்.

இரண்டு டெனரில் எது யார் என்ற குழப்பம் நிச்சயம் வரும். மூன்று அடையாளங்கள் உதவும். கோல்ட்ரேன் மூன்று நாலு ஸ்வரம் கொண்ட சிறு துண்டை எடுத்து, அதையே சுருதி மாற்றி மேலும் கீழும் நகர்த்துவார். எவ்வளவு கொதிப்பிலும் அந்தத் துண்டின் உருவம் இருக்கும். குழலின் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்து, உடனே உச்சியிலிருந்து தானே பதில் சொல்வது அவருக்குப் பிடித்த வேலை. இரண்டு பேர் சண்டை போடுவது மாதிரி கேட்டால் பெரும்பாலும் அது ஒருவர்தான். சாண்டர்ஸுக்கு ஸ்வர வரிசையைவிட ஓசையின் நிறமே பெரிது. ஓர் அலறலை எடுத்து நீட்டி, அதை உடைத்து, அந்த உடைசலிலேயே தங்குவார்.

சாண்டர்ஸ் பகுதியில்தான் ஆட்கள் எழுந்து போகிறார்கள். அங்கே ஸ்வரத்தைத் தேடுவதை விடுங்கள். மூச்சைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தாளில் ஒரு கோடு. கோடு நெருக்கமாக வந்தால் மூச்சு சிறியது, பதற்றம் ஏறுகிறது. இடைவெளி விட்டு வந்தால் நீண்ட ஓசை. ஒரு நிமிடம் இப்படிச் செய்தாலே அதற்குள் வாக்கியம் இருப்பது தெரிந்துவிடும்.

ஆலிஸின் முறை வரும்போது வேறு சிக்கல். பியானோ டிரம்ஸுக்குள் புதைந்து கிடக்கிறது. அவர் வலக்கையால் மேலும் கீழும் அலையலையாக வாரி எடுக்கிறார். தனி ஸ்வரம் பிடிபடாது. கையை எங்கே திருப்புகிறார் என்பதை மட்டும் கேளுங்கள், அதாவது ஏறிய அலை எந்த உயரத்தில் திரும்புகிறது என்று. அந்த உச்சிகளைக் கோர்த்தால் மெதுவாக நகரும் ஒரு மெட்டு கிடைக்கும். முதல் தடவையில் கிடைக்காது, அது பரவாயில்லை. காரிஸனின் பாஸை இந்த உருப்படியில் தேடவே வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது பதிவிலேயே ஏறவில்லை.

28 நிமிடம் முடிந்ததும் நிறுத்துங்கள். அடுத்த உருப்படி தானாக ஓடவிடாதீர்கள். காதுக்குக் குறைந்தது அரை மணி ஓய்வு. அடுத்த அமர்வை மறுநாளைக்குத் தள்ளினால் இன்னும் நல்லது.

நான்காம் அமர்வு: ஒரே பாட்டின் ஏழு ஆண்டுகள்

'மை ஃபேவரிட் திங்ஸ்' 1959இல் பிராட்வே மேடைக்கு வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தின் பாட்டு. அதன் தொடக்கம் ஸ்வரத்தில் சொன்னால்: ச ப ப ரி ச ச, பிறகு கீழ் ப விலிருந்து ச ச ரி ச. ரி சதுஸ்ருதி. மூன்று அடிச் சுழற்சி. வாயில் நாலு தடவை பாடிக்கொள்ளுங்கள். ச விலிருந்து ப வுக்குத் தாவும் அந்த ஒரு தாவலே நம் கைப்பிடி. எவ்வளவு கலங்கிய நீரிலும் அது தலைகாட்டும்.

இந்தப் பாட்டைக் கோல்ட்ரேன் ஆண்டுக்கணக்காக மேடையில் வாசித்தார். அதனால் படிப்படியாக ஏற ஒரு வழி கிடைக்கிறது.

1960 அக்டோபர் ஸ்டுடியோப் பதிவு, 13 நிமிடம் 41 விநாடி. மக்காய் டைனரின் பியானோ ஒரு சிறு சுழற்சியைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது, அதன்மேல் சோப்ரானோ. சுழற்சி ஓர் இடத்தில் சோகச் சாயலுள்ள மைனரிலிருந்து தெளிந்த சாயலுள்ள மேஜருக்கு மாறும், அந்த வெளிச்சத்தைக் கவனியுங்கள். நாடகப் பாட்டில் நாய் கடிக்கிறது, தேனீ கொட்டுகிறது என்று வரும் பகுதியை இவர் கடைசியில் ஒரே தடவை வாசிக்கிறார். இதில் கடினம் எதுவுமில்லை. யாருக்கும் பிடிக்கும்.

1963 ஜூலை 7 நியூபோர்ட் ஜாஸ் விழா, 17 நிமிடம் போல, டிரம்ஸில் ராய் ஹேன்ஸ். அதே சுழற்சி, சூடு அதிகம். இங்கிருந்தே சோப்ரானோ மெட்டைவிட்டு வெகுதூரம் போகத் தொடங்குவது தெரியும்.

1966 மே 28 நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப், 'அகெய்ன்' என்ற பெயரில் வந்த ஆல்பம். ஆறு நிமிடம் காரிஸன் தனியாக பாஸ் வாசிக்கிறார், அப்புறம் 20 நிமிடம் பாட்டு. ஒலாதுஞ்சியில் பாட்டா வாசிப்பவர் நீங்கலான ஐவரும் இதில் இருக்கிறார்கள், பதிவோ தெளிவு. உண்மையில் இதுவே மிக முக்கியமான படி. டைனரின் சுழற்சி போய்விட்டது, அந்த இடத்தில் ஆலிஸின் விரிந்த அலைகள். சுழற்சி இல்லாமல் மெட்டை எப்படிப் பிடிப்பது என்று இங்கே கற்றுக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு தடவை கேளுங்கள்.

அதே ஆண்டு ஜூலையில் தோக்கியோவில் எடுத்தது 57 நிமிடம். இப்போதைக்குத் தாண்டிவிடலாம். நீளமே அங்கே முதல் சிரமம்.

இதற்குப் பிறகுதான் ஒலாதுஞ்சி. அங்கேயும் பாஸில்தான் தொடக்கம், சுமார் ஏழு நிமிடம். பலர் இதைத் தள்ளிவிட்டு சாக்ஸபோனுக்கு ஓடுவார்கள். மொத்த ஆல்பத்தையும் கேட்க முடியாமல் போக இதைவிட நல்ல வழி கிடையாது. காரணம் இரண்டு. இந்த நாடா சுத்தமாக ஒலிக்கும் அரிய இடம் இது. கூடத்தின் அளவு, அதில் ஒலி திரும்பும் விதம் எல்லாம் இங்கேதான் காதில் ஏறும், பின்னால் கரகரப்பு வரும்போது எதைக் கழிக்க வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தது, காரிஸன் தந்திகளைச் சுண்டுவதோடு நிற்காமல், இரண்டு தந்திகளைச் சேர்த்து, ஸ்பானிஷ் கிதார்க்காரரைப் போல விரல்களால் வருடி வாசிப்பார். அவர் ஒரு துண்டை எடுத்து, விட்டு, மறுபடி எடுக்கும் இடங்களை எண்ணுங்கள். பின்னால் சாக்ஸபோனில் செய்ய வேண்டிய வேலையின் மெதுவான ஒத்திகை அது.

பாஸ் ஓய்ந்ததும் சோப்ரானோ நுழையும். ச-ப தாவலுக்காகக் காத்திருங்கள். முழு மெட்டும் வரிசையாக வராது. துண்டு துண்டாக வரும், சில சமயம் தாவல் மட்டும். வந்த ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு புள்ளி. மெட்டைப் புள்ளிகளாகக் குறித்தால், இடையில் உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். டிரம்ஸில் மூன்று அடியைத் தேட வேண்டாம், ரஷீத் அலி அதைத் தரமாட்டார். மெட்டின் துண்டு தலைகாட்டும்போது மட்டும் உங்கள் நினைவில் உள்ள மூன்று அடி விழித்துக்கொள்ளும், பிறகு கரையும். யார் எப்போது முன்னால் வருகிறார்கள் என்பதை இந்தத் தடவை உங்கள் தாளே சொல்லட்டும்.

எங்கே தடுக்கும்

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓட விடுவது பயனற்றது. பாதிக் கவனத்தில் இந்த இசை வெறும் எரிச்சல். பாதிக் கவனத்துக்கு ஏற்ற எதுவும் இதில் இல்லை. காரிலும் வேண்டாம். சாலை ஓசை பாஸை முழுக்க விழுங்கிவிடும், மிஞ்சுவது உச்சஸ்தாயி மட்டும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டால் ஒலியைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் பிரியவில்லை என்றால் காது களைத்துவிட்டது, அன்றைக்கு அவ்வளவுதான். தம் பிடித்து முடிப்பது வீண். கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் களைத்த காதால் கேட்டவருக்கு, அந்தப் பதினைந்து நிமிடம் எப்போதும் இரைச்சலாகவே நினைவில் நிற்கும்.

தலை வலித்தால் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸைச் சரிபாருங்கள். சலிப்புத் தட்டினால் அது அநேகமாக ஆலிஸின் பகுதியாக இருக்கும். எதைப் பிடிப்பது என்று தெரியாத இடம். மேலே சொன்ன அலையின் உச்சிக்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிடிக்காமல் போகலாம். தாராளமாக. சாண்டர்ஸின் பகுதி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, அங்கே எது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல முடிந்தால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்றே அர்த்தம்.

இதற்குப் பிறகு என்ன என்றால், ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1965 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் கோல்டன் சர்க்கிள் கிளப்பில் வாசித்த பதிவு காதுக்கு ஓய்வு: மூன்று பேர், தெளிவான பதிவு, துள்ளும் தாளம். அந்தப் பக்கம் போகாமல் இன்னும் கடினத்தையே விரும்பினால் பியானோ கலைஞர் செசில் டெய்லர் 1962 நவம்பர் 23 அன்று கோபன்ஹேகனின் கஃபே மான்மார்ட்ரில் வாசித்தது. பியானோ, ஜிம்மி லயன்ஸின் ஆல்டோ, சன்னி முர்ரேயின் டிரம்ஸ், அவ்வளவுதான். பாஸே கிடையாது, எனவே அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விரலை நேராக சிம்பலுக்குக் கொண்டுபோங்கள்.